எத்தனையாவது அட்டெம்ப்ட்? மருத்துவ சீட்டும் மறைக்கப்படும் தோல்விகளும்

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் வேலைக்கு அலைந்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கேள்வி உண்டு. "ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ் இருக்கா?" ஸ்டாண்டிங் அரியர் என்றால் இன்னும் பாஸ் பண்ணாத பேப்பர். ஹிஸ்டரி என்றால் எப்போதோ ஃபெயில் ஆகி, பிறகு எழுதி பாஸ் பண்ணிய பேப்பர். இரண்டாவது வகையும் கூடாது என்று சொல்லும் கம்பெனிகள் உண்டு. அதாவது நோய் குணமானால் மட்டும் போதாது, நோயே வந்திருக்கக் கூடாது!

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியது, 2006-ல் நோக்கியா வந்தது, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறந்தது, 2014-ல் நோக்கியா மூடியது... இத்தனைக்கும் நடுவில் அப்ளிகேஷனில் இருக்கும் அந்தக் கட்டம் மட்டும் அசையவில்லை.

அதே பெங்களூர் நெடுஞ்சாலையில் தண்டலத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. அங்கே எம்.பி.பி.எஸ். சேர நீட் எத்தனை முறை எழுதினீர்கள் என்பது உங்கள் ரேங்கை மாற்றாது. ஒரே சாலையில் ஓரிடத்தில் பழைய தோல்வி வாசலிலேயே நிறுத்துகிறது, இன்னோரிடத்தில் அது கணக்கிலேயே வருவதில்லை.

தோல்வியை விண்ணப்பத்தில் எழுதுவது பற்றி தமிழ்நாட்டுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் நேர்மை என்பது தனி மனிதனின் குணம் மட்டும்தானா, அல்லது விண்ணப்பம் கேட்கும் விதத்தையும் பொறுத்ததா? பார்ப்போம்.

ஃபெயிலும் ஒரு தகுதி

வெள்ளைக்காரன் காலத்தில் "பி.ஏ. ஃபெயில்" என்று எழுதிக்கொள்வது சகஜம். இன்று சிரிப்பு வரும். ஆனால் அதில் அர்த்தம் இருந்தது. ஃபெயில் ஆக வேண்டும் என்றாலும் முதலில் அதற்கு முந்தைய தேர்வைத் தாண்டி, கல்லூரியில் படித்து, பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருக்க வேண்டும் அல்லவா? அந்த அளவு ஆங்கிலமும் படிப்பும் இருந்தாலே குமாஸ்தா வேலைக்குப் போதும். அதனால் உண்மையைச் சொன்னால் லாபம். மறைக்கக் காரணமே இல்லை.

இதற்குப் பெரிய உதாரணம் கணித மேதை ராமானுஜன். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாததால் ஸ்காலர்ஷிப் போயிற்று. 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தார். அங்கும் எஃப்.ஏ. தேறவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அவரைப் படுத்திய பாடங்களில் ஒன்று உடலியங்கியல். மருத்துவ மாணவர்களின் பாடம்!

1912 பிப்ரவரி 9 அன்று சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலைக்கு ஒரு மனு எழுதினார். மெட்ரிகுலேஷன் தேறியதாகவும், எஃப்.ஏ. வரை படித்ததாகவும், சில எதிர்பாராத சூழ்நிலைகளால் மேலே தொடர முடியவில்லை என்றும், அதன் பிறகு முழு நேரமும் கணிதத்திலேயே ஈடுபட்டதாகவும் அதில் சொன்னார். கூர்ந்து கவனித்தால், ஃபெயில் என்ற வார்த்தை அதில் இல்லை. ஆனால் பாஸ் என்றும் அவர் சொல்லவில்லை. எது வரை போனேன், எங்கே நின்றேன், நின்ற பிறகு என்ன செய்தேன் என்று மூன்றையும் சொல்லிவிட்டார். வேலை கிடைத்தது. மாதம் 30 ரூபாய் சம்பளம்.

அடுத்த ஆண்டு ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதத்திலும், தனக்குப் பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டுத்தான் கணிதத்துக்குப் போனார். அதே 1913-ல், பட்டம் இல்லாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. எஃப்.ஏ. தேறாத ஒருவருக்கு! உண்மையைச் சொன்னவருக்குக் கதவைத் திறக்கக்கூடிய விதி அன்று இருந்தது, அல்லது விதியை வளைக்க மனம் உள்ள மனிதர்கள் இருந்தார்கள்.

நேர்முகத் தேர்வு போய் மார்க் வந்தது

சரி, மருத்துவப் படிப்புக்கு வருவோம். 1970-ல் தமிழ்நாட்டில் மருத்துவ சீட்டுக்கு நேர்முகத் தேர்வு இருந்தது. பாட மார்க்கோடு, நேர்முகத்துக்குத் தனியாக 75 மார்க். விளையாட்டு, பொது அறிவுத் திறன், உடல் வலிமை என்று பிரித்து மார்க் போட்டார்கள். ஒரு மாணவன் தன் கதையைத் தன் வாயால் சொல்ல அதில் ஓர் இடம் இருந்தது உண்மைதான். ஆனால் நடந்தது வேறு. பாடத்தில் நல்ல மார்க் எடுத்த பலர் நேர்முகத்தில் கீழே போனார்கள், குறைவாக எடுத்தவர்கள் மேலே வந்தார்கள். பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தத் தேர்வு முறையைக் கடுமையாகக் குறை கூறியது.

சிபாரிசுக்குப் பயந்து நேர்முகத்தை ஒதுக்கியது நியாயம்தான். 1984-ல் நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூ மார்க்கும் நுழைவுத் தேர்வு மார்க்கும் சேர்த்து ரேங்க். ஆனால் இதற்கு ஒரு விலையும் இருந்தது. இனி மாணவன் எதையும் விளக்க வேண்டியதில்லை, விளக்கவும் முடியாது. தோல்விக்குக் காரணம் சொல்லும் இடம் விண்ணப்பத்திலிருந்து காணாமல் போனது.

இம்ப்ரூவ்மெண்ட்

அந்த இடத்தில் வந்ததுதான் இம்ப்ரூவ்மெண்ட். பிளஸ் டூ பாஸ் செய்தவர், மார்க் போதவில்லை என்றால் மறுபடி எழுதலாம். புது மார்க் பழைய மார்க்கின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு மனக்குறை வளர்ந்தது. ஒரு வருடம் வீட்டிலிருந்து, டியூஷனுக்குப் பணம் கட்டி, மறுபடி எழுத யாரால் முடியும்? நகரத்தில் வசதி உள்ளவர்களால். முதல் முறையிலேயே நல்ல மார்க் எடுத்த கிராமத்துப் பையன், இரண்டாம் முறை எழுதியவரோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

2005 ஜூனில் தமிழக அரசு ஓர் அரசாணை போட்டது. நுழைவுத் தேர்வும் கிடையாது, இம்ப்ரூவ்மெண்ட் மார்க்கும் செல்லாது. அதே மாதக் கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. 2006 தொடக்கத்தில் அரசு சட்டமே கொண்டுவந்தது. அதுவும் நிற்கவில்லை. ஆட்சி மாறியது, அனந்தகிருஷ்ணன் குழு அமைக்கப்பட்டது, மறுபடி ஒரு சட்டம் வந்தது. 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்து நுழைவுத் தேர்வு முடிவுக்கு வந்தது.

இந்த விவாதம் முழுவதும் நியாயமானதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எதிர்ப்பு இரண்டாம் முயற்சிக்கான வசதி சிலருக்கு மட்டும் இருந்ததைப் பற்றியது. ஆனால் பேச்சில் அது இரண்டாம் முறை எழுதியவன் மேலேயே பாய்ந்தது. 'இம்ப்ரூவ்மெண்ட் கேஸ்' என்பது ஒரு மாதிரியான பட்டப்பெயர் ஆனது.

நூற்றுக்கு எழுபத்தொன்று

2017-ல் நீட் தமிழ்நாட்டுக்கு வந்தது. பிறகு நடந்ததை நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-ல் எண்களாகக் கொடுத்தது. 2016-17-ல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் மறுமுறை முயன்றவர்கள் 12.47 சதவீதம். 2020-21-ல் 71.42 சதவீதம்!

2019-ல் உயர் நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்கு இன்னும் அழுத்தமானது. அந்த ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த 3,081 பேரில் கோச்சிங் போகாமல் சேர்ந்தவர்கள் வெறும் 48 பேர்.

2005-ல் இரண்டாம் முறை எழுதியவரை வெளியே நிறுத்தப் பார்த்த மாநிலத்தில், பதினைந்து வருடத்தில் இரண்டாம், மூன்றாம் முறை எழுதியவர்களே பெரும்பான்மை. அப்படியானால் முதல் முறை சீட் கிடைக்காதது இப்போது அவமானம் இல்லை என்று ஆகியிருக்க வேண்டும் அல்லவா? ஆகவில்லை. கோச்சிங் சென்டர் விளம்பரத்தில் போட்டோவும் மார்க்கும் இருக்கும், எத்தனையாவது முயற்சி என்பதைத் தேடினாலும் கிடைப்பது அரிது. அடுத்த வருடம் பிளஸ் டூ முடிக்கும் தம்பி தங்கைகள் அந்த போட்டோவைப் பார்த்து, எல்லோரும் முதல் முறையே வாங்கிவிட்டார்கள், நமக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். சட்டப்படி யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மை வெளியே தெரியாததால் அடிபடுபவர்கள் இருக்கிறார்கள்.

பொய் எங்கே போய் முடிந்தது

2019 செப்டம்பரில் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் ஓர் ஆள்மாறாட்டம் வெளியே வந்தது. முதலாம் ஆண்டு மாணவருக்காக மும்பையில் வேறொருவர் நீட் எழுதியிருந்தார். மாணவரும் தந்தையும் கைதானார்கள். விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது, தனியார் கல்லூரிகளிலும் இதுபோன்றவர்கள் பிடிபட்டார்கள்.

2020 டிசம்பரில் சென்னையில் நடந்த கலந்தாய்வில் இன்னொன்று. நீட்டில் 27 மார்க் எடுத்திருந்த ஒருவர், 610 மார்க் என்று காட்டும் போலிச் சான்றிதழோடு வந்தார். பிடிபட்டு வழக்கானது.

யோசித்துப் பாருங்கள். 27 மார்க் எடுப்பது எந்தச் சட்டத்திலும் குற்றம் இல்லை. அடுத்த வருடம் தாராளமாக மறுபடி எழுதலாம். 2017-ல் மூன்று முறைதான் என்று ஒரு வரம்பு சொல்லப்பட்டது, இன்று அது இல்லை. 25 வயது என்ற உச்ச வரம்பையும் 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் நீக்கிவிட்டது. சட்டம் கதவைத் திறந்தே வைத்திருக்கும்போது, 27 என்பதைச் சொல்ல முடியாமல் 610 என்று எழுதும் அளவுக்கு ஒரு குடும்பம் போகிறது என்றால், தடையாக நின்றது சட்டம் அல்ல.

வெளிநாட்டில் எப்படி?

பிரிட்டனில் யூகாஸ் மூலம் மருத்துவத்துக்கு விண்ணப்பிப்பவர் ஃபெயிலான தேர்வையும் சேர்த்து எல்லாவற்றையும் எழுத வேண்டும். அமெரிக்காவில் கல்லூரியில் ஃபெயிலாகித் திரும்ப எழுதிய பாடத்தின் இரண்டு மார்க்கும் விண்ணப்பத்தில் வந்துவிடும். அங்கே ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகள் மட்டும் நம் இம்ப்ரூவ்மெண்ட் போலவே, புது மார்க்கை மட்டும் கணக்கில் எடுத்து வந்தன. 2017-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அங்கே விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரையும் நேர்முகமும் உண்டு. ஏன் தோற்றேன், பிறகு என்ன மாற்றினேன் என்று சொல்ல இடம் இருக்கிறது. எல்லாவற்றையும் சொல் என்று கேட்பவர்கள், சொன்னதைக் கேட்கவும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

கணக்குப் புத்தகம் சொல்வது

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். பங்கு வெளியிடும் கம்பெனி தன் ப்ராஸ்பெக்டஸில் முந்தைய ஆண்டுகளின் நஷ்டத்தையும் காட்ட வேண்டும். பொய்யோ மறைப்போ இருந்தால் கம்பெனிச் சட்டம் 2013-ன் 34-ஆம் பிரிவில் தண்டனை உண்டு. ஆனால் நஷ்டம் காட்டிய கம்பெனி பங்கே வெளியிடக் கூடாது என்று சட்டம் சொல்வதில்லை. காரணத்தைச் சொல், ரிஸ்க்கைச் சொல், முடிவை முதலீட்டாளர் எடுக்கட்டும் என்கிறது. அதனால்தான் நஷ்டத்தில் ஓடும் கம்பெனியும் தைரியமாக உண்மையை எழுதுகிறது.

நாம் மாணவர்களிடம் இதைச் செய்வதில்லை. ஒன்று, அரியர் ஹிஸ்டரி என்று வாசலிலேயே நிறுத்துகிறோம். இல்லாவிட்டால் ஒரேயடியாக அழித்துவிடப் பார்க்கிறோம். 2020 ஆகஸ்டில் கொரோனாவைக் காட்டி, பணம் கட்டிய அரியர் மாணவர்களெல்லாம் பாஸ் என்று அரசு அறிவித்தபோது, "அரியர் மாணவர்களின் அரசனே" என்று பேனர் வைத்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதை ஏற்க முடியாது, தேர்வு நடத்துங்கள் என்று 2021-ல் உயர் நீதிமன்றம் சொன்னது.

நிறுத்துவதும் அழிப்பதும் உண்மையைச் சொல்லப் பழக்காது. ஒரகடத்தில் இன்டர்வியூவுக்குப் போகும் டிப்ளமோ பையனும், மூன்றாம் முறை நீட் எழுதும் பெண்ணும் ராமானுஜன் மனுவில் இருந்த அந்த மூன்று விஷயங்களைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. எது வரை போனேன், எங்கே நின்றேன், பிறகு என்ன செய்தேன். முதல் இரண்டுக்கு விண்ணப்பத்தில் கட்டம் இருக்கிறது. மூன்றாவதற்கும் ஒரு கட்டம் போடுங்கள், அதன் பிறகு யார் நேர்மையானவர் என்று கணக்கெடுக்கலாம்.