காற்றுக்கு ஒரு காவல்காரர்

இங்கிலாந்தில் ஸ்டோக் பிரையர் என்ற ஊரில் பாழடைந்த காற்றாலை ஒன்று இருந்தது. 1836-ம் ஆண்டில் வில்லியம் காஸேஜ் என்ற சோடா முதலாளி அதற்குள் முட்செடிகளையும் சுள்ளிகளையும் திணித்து, உச்சியிலிருந்து தண்ணீரைச் சொட்டச் சொட்ட விட்டார். தம் ஆலையின் புகையை அதற்குள் செலுத்தினார். நனைந்த சுள்ளிகளுக்கிடையே புகுந்து வந்த நச்சு வாயு நீரில் கரைந்துவிட்டது. இவ்வளவுதான் யுக்தி!

அந்நாளில் சோடா செய்ய, முதலில் உப்பின்மேல் கந்தக அமிலத்தை ஊற்றிக் காய்ச்சுவார்கள். ஹைட்ரோகுளோரிக் அமில வாயு குப்பென்று கிளம்பும். அது போன இடமெல்லாம் வேலி கருகும், மரம் பட்டுப்போகும். ஆனால் சோப்புக்கும் கண்ணாடிக்கும் சோடா வேண்டுமே! செயின்ட் ஹெலன்ஸ், விட்னஸ் பக்கங்களில் புகைபோக்கிகள் முளைத்தவண்ணம் இருந்தன.

வழக்குப் போடலாமே என்பீர்கள். போட்டார்கள். ஜேம்ஸ் மஸ்ப்ராட் என்ற முதலாளி வழக்குகளோடு மல்லாடியே அலுத்துப் போனார். ஆனால் ஓர் ஊரில் பத்துப் புகைபோக்கிகள் நின்றால், என் மரத்தைக் கொன்றது எது என்று சாட்சி சொல்ல யார் வருவார்?

காஸேஜின் யுக்தி பிறந்து இருபத்தாறு வருஷங்களுக்குப் பிறகு, 1862-ல், டெர்பி பிரபு இதைப் பிரபுக்கள் சபையில் கிளப்பினார். அவருடைய நோஸ்லி மாளிகையும் தோட்டமும் செயின்ட் ஹெலன்ஸுக்குப் பக்கத்தில்தான் இருந்தன. குடியானவனின் வேலி கருகியபோது அசையாத சபை, பிரபுவின் குரலுக்கு அசைந்ததில் வியப்பில்லை. 1863-ல் சட்டம் வந்தது: வாயுவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கை ஆலைக்குள்ளேயே பிடித்துவிட வேண்டும்.

அதைப் பார்த்துக்கொள்ள ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற ரசாயன நிபுணரை நியமித்தார்கள். துணைக்கு நாலு பேர். சோடா ஆலைகள் நிறைந்த தேசம் முழுவதற்கும் ஐந்தே பேர்! ஸ்மித் முதலாளிகளைக் கோர்ட்டுக்கு இழுப்பதில் ஆசை வைக்கவில்லை. உள்ளே போனார், அளந்தார், கோபுரத்தில் எங்கே கசிகிறது என்று சொல்லிக் கொடுத்தார். போலீஸ்காரர் வேலைக்கு வந்தவர் வைத்தியராகிவிட்டார். முதலாளிகளோடு இப்படிக் கொஞ்சிக் குலாவலாமா என்று எனக்கும் தோன்றத்தான் செய்கிறது. ஆனால் பலன் கிடைத்தது. முதல் அறிக்கையிலேயே, தப்பிப் போகும் வாயு சராசரி நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவு என்று அவரால் எழுத முடிந்தது. அமில மழை என்ற சொல்லை 1872-ல் வெளியான தம் புத்தகத்தில் எழுதியவரும் இதே ஸ்மித்தான்.

சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. நூற்றுக்கு ஐந்து என்பது ஒவ்வோர் ஆலைக்கும் அல்லவா? ஆலைகள் பெருகினால் அந்த ஐந்தும் பெருகும். ஆகவே 1874-ல் இன்ன அளவுக்கு மேல் வெளிவரக் கூடாது என்று வரம்பு கட்டினார்கள். நடைமுறைக்கு இயன்ற சிறந்த வழிகளைக் கையாள வேண்டும் என்றும் சேர்த்தார்கள். 1881-ம் வருஷத்துச் சட்டம் வேறு பல ரசாயன ஆலைகளையும் பிடித்துப் போட்டது.

பிடித்த அமிலம் எங்கே போயிற்று? முதலில் ஓடைக்குப் போயிற்று. அங்கே சோடாக் கழிவுடன் கலந்து அழுகிய முட்டை நாற்றத்தைக் கிளப்பியது. பிறகு அதிலிருந்து குளோரின் எடுத்து, சலவைத் தூள் செய்து காசாக்கினார்கள். அந்தத் தூளை அள்ளிப் பீப்பாயில் அடைத்த தொழிலாளிகள், வாயிலும் மூக்கிலும் கம்பளித் துணியை மடிப்பு மடிப்பாகச் சுற்றிக்கொண்டு குளோரின் நிறைந்த அறைகளுக்குள் இறங்கினார்கள். 1863-ம் வருஷத்துச் சட்டம் ஆலைக்கு வெளியே இருந்த காற்றைப் பற்றியது. அறைக்குள் இருந்த காற்றை அது கேட்கவில்லை.