மண்புழு முதல் பிளாஸ்டிக் புழு வரை

வேலூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் பேரூராட்சி ஒடுகத்தூர். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பேர் போன ஊர். மலையிலிருந்து இறங்கும் உத்திரகாவேரி ஆறு இந்தப் பக்கமாக ஓடித்தான் பாலாற்றில் போய்ச் சேருகிறது. வருடத்தில் பல மாதம் அது வெறும் மணல். மழை நன்றாகப் பெய்தால்தான் ஆற்றிலும் சுற்றுவட்டார ஏரிகளிலும் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நின்றால் மீன். மீன் வந்தால் தூண்டில்!

தூண்டில் போடப் பெரிய செலவு கிடையாது. ஒரு மூங்கில் குச்சி, கொஞ்சம் தங்கூசி, ஒரு முள், மிதவைக்கு ஒரு துண்டு தக்கை. இரைக்குக் காசே வேண்டாம். ஈர மண்ணைக் கிளறினால் மண்புழு கிடைக்கும். கெண்டைக்கும் ஜிலேபிக்கும் அதுவே போதும். விரால் வேண்டுமென்றால் ஒரு சின்னத் தவளை.

ஆனால் இன்று தமிழ்நாட்டில் தூண்டில் பிடிப்பவர்கள் பலரிடம் வேறொரு இரையும் இருக்கிறது. தொட்டால் வழவழவென்று நெளியும் பிளாஸ்டிக் புழு, காலை ஆட்டும் பிளாஸ்டிக் தவளை. 'லூர்' என்று சொல்கிறார்கள். கடையில் வாங்கலாம், வீட்டிலேயே காய்ச்சி அச்சில் ஊற்றியும் செய்யலாம். இந்தப் புழு பிறந்தது அமெரிக்காவில். ஆனால் அதன் கதையில் தமிழர்கள் இரண்டு இடத்தில் வருகிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

பொய் இரையின் கதை

மீனை ஏமாற்றுவது பழைய தொழில். திருக்குறளில் சூது அதிகாரத்தின் முதல் குறள் (931), சூதாட்டத்தில் கிடைக்கும் வெற்றியைத் தூண்டில் முள்ளை விழுங்கிய மீனோடு ஒப்பிடுகிறது. முதலில் இனிக்கும், பிறகு தொண்டையில் மாட்டும் என்பது கருத்து.

முழுக்க முழுக்கப் பொய்யான இரை வியாபாரப் பொருளானது 19-ம் நூற்றாண்டில். அமெரிக்காவில் ஜூலியோ பியூவெல் என்பவர் கரண்டி வடிவ உலோக இரைக்கு 1852-ல் காப்புரிமை பெற்றார். தண்ணீரில் இழுக்கும்போது அது சுழன்று மின்னும். மீன் அதைக் குட்டி மீன் என்று நினைத்துப் பாயும். இந்தியாவில் ஆங்கிலேய அதிகாரிகளுக்கும் இந்த மோகம் இருந்தது. மெட்ராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் 'தி ராட் இன் இந்தியா' என்ற புத்தகத்தை எழுதினார். ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே 1887-ல் 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா' என்று இன்னொரு புத்தகமும் எழுதினார்.

உலோக இரைக்கும் மர இரைக்கும் ஒரு குறை உண்டு. கடித்தவுடன் பல்லில் கடினமாகத் தட்டும். மீன் உடனே துப்பிவிடும். மண்புழு போல மெத்தென்று இருந்தால்? ரப்பரில் செய்து பார்த்தார்கள். ரப்பர் புழு விறைப்பாக இருந்தது, உயிருள்ள புழு மாதிரி நெளியவில்லை.

ரப்பர் நகரமும் மலாயா தமிழர்களும்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள ஆக்ரான் நகரத்தை 'உலகத்தின் ரப்பர் தலைநகரம்' என்பார்கள். குட்ரிச், குட்இயர், ஃபயர்ஸ்டோன் என்ற மூன்று பெரிய டயர் கம்பெனிகளும் பிறந்த ஊர் அது. அந்த ஆலைகளுக்கு வேண்டிய ரப்பரில் பெரும் பங்கு மலாயா தோட்டங்களிலிருந்து போனது. அங்கே விடியற்காலையில் மரம் சீவிப் பால் எடுத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தென் ஆற்காடு, வட ஆற்காடு, சேலம், திருச்சி, தஞ்சை என்று பல மாவட்டங்களிலிருந்து கப்பலேறிப் போனவர்கள். கதையில் தமிழர் வரும் முதல் இடம் இது.

அதே ஆக்ரானில், குட்ரிச் கம்பெனியில் வால்டோ செமன் என்ற வேதியியலாளர் 1926-ல் ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ரப்பரை உலோகத்தோடு ஒட்ட ஒரு பசை வேண்டும் என்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. அப்போது பி.வி.சி. (பாலிவினைல் குளோரைடு) என்பது யாரும் சீண்டாத பொருள். கடினமானது, எளிதில் நொறுங்குவது. செமன் அதை அதிகக் கொதிநிலை கொண்ட ஒரு திரவத்தில் போட்டுச் சூடாக்கினார். ஆறியதும் கையில் கிடைத்தது பசை அல்ல, வளைந்து நெளியும் ஒரு ஜெல்லி!

இதன் காரணம் எளிது. பி.வி.சி. மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்திருக்கும். எண்ணெய் போன்ற திரவம் நடுவே புகுந்தால் பிடி தளர்ந்து வழுக்கத் தொடங்கும். காய்ந்த மாவில் எண்ணெய் விட்டுப் பிசைந்தால் இளகுவது போல. அந்தத் திரவத்தை 'பிளாஸ்டிசைசர்' என்கிறார்கள்.

1942-ல் ஜப்பான் மலாயாவைப் பிடித்தது. தோட்டத் தமிழர்களில் பல்லாயிரம் பேர் சயாம் - பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டு அங்கேயே மாண்டார்கள். மறுபக்கம் அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து நின்றது. மின்கம்பி உறை போன்ற வேலைகளுக்கு ரப்பர் இருந்த இடத்தில் பி.வி.சி. வந்தது. போர் முடிந்தபோது அது சாதாரண மனிதன் கைக்கும் எட்டும் பொருளாகிவிட்டது.

ஒரு வீட்டில் பிறந்த புழு

அதே ஆக்ரானில் நிக் க்ரீம் என்ற இயந்திரத் தொழிலாளி இருந்தார். மீன்பிடிப்பதில் தீராத ஆசை. 1949-ல் அவரும் மனைவி காஸ்மாவும் வீட்டிலேயே முயற்சியில் இறங்கினார்கள். நிஜ மண்புழுவை வைத்து அச்சு எடுத்தார்கள். இளகிய பி.வி.சி. கலவையை அதில் ஊற்றிப் புழு செய்தார்கள். 1951 வாக்கில் ஐந்து புழு ஒரு டாலர் என்று தபாலில் விற்பனை தொடங்கியது.

பிறகு டெக்சாஸ் மாநிலம் டைலர் நகருக்குத் தொழில் போனது. அங்கே புதிதாக அணைகள் கட்டி, மரங்கள் மூழ்கிய நீர்த்தேக்கங்கள் உருவாகியிருந்தன. சாதாரண முள் போட்டால் கிளையில் மாட்டிக்கொள்ளும். முள்ளின் நுனியைப் பிளாஸ்டிக் புழுவின் உடம்புக்குள்ளேயே மறைத்துக் கோர்த்தால் மாட்டாது. 'டெக்சாஸ் ரிக்' என்று பெயர் பெற்ற இந்த முறையை இன்று பாசியும் முள்செடியும் நிறைந்த ஏரியில் விரால் பிடிப்பவர்களும் பயன்படுத்துகிறார்கள்.

வீட்டில் செய்வது எப்படி?

க்ரீம் தம்பதி செய்த முறை பெரிதாக மாறவில்லை. பேஸ்ட் பி.வி.சி. தூளைப் பிளாஸ்டிசைசரில் கலந்தால் பால் போன்ற வெள்ளைக் கலவை வரும். இதற்கு 'பிளாஸ்டிசால்' என்று பெயர். சூடாக்கினால் முதலில் கட்டி தட்டும். கிளறிக்கொண்டே இருந்தால் சுமார் 175 டிகிரி செல்சியஸில் தெளிந்து பாகு மாதிரி ஓடும். அந்தப் பதத்தில் நிறம் சேர்த்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றினால் சில நிமிடத்தில் புழு தயார். கிழிந்துபோன பழைய புழுவையும் திரும்ப உருக்கி ஊற்றலாம்.

கவனம் தேவைப்படும் இடங்களும் உண்டு. சூடு மிஞ்சினால் கலவை மஞ்சளாகிக் கருகி, ஹைட்ரஜன் குளோரைடு புகை கிளம்பும். அது கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் கொதிக்கும் கலவை தெறிக்கும். அதனால் திறந்த வெளியில், கண்ணாடியும் கையுறையும் போட்டுத்தான் செய்ய வேண்டும். சமையல் பாத்திரத்தை இதற்குத் தொடவே கூடாது.

ஆக்ரானிலிருந்து மேட்டூருக்கு

கதையில் தமிழர் வரும் இரண்டாவது இடம் ஜவ்வாது மலைக்குத் தென்மேற்கே, காவிரிக் கரையில் இருக்கிறது. 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் பக்கத்தில் 1967-ல் ஒரு பி.வி.சி. ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. தொழில்நுட்பம் கொடுத்தது யார் தெரியுமா? செமன் வேலை பார்த்த அதே குட்ரிச் கம்பெனி! இன்று கெம்பிளாஸ்ட் சன்மார் என்று அழைக்கப்படும் அந்த நிறுவனம் மேட்டூரில் பேஸ்ட் பி.வி.சி. தயாரிக்கிறது. செயற்கைத் தோலுக்கு முக்கிய மூலப்பொருள் அது. பிளாஸ்டிக் புழுவுக்கும் அதே வகைத் தூள்தான். ஒரு காலத்தில் ஆக்ரானுக்கு ரப்பர் பால் எடுத்துக் கொடுத்தவர்களின் நாட்டுக்கே, ரப்பரின் இடத்தைப் பிடித்த பொருள் வந்து சேர்ந்தது.

அழியாத புழு

பிளாஸ்டிக் புழுவின் பெருமையே அது அழுகாது என்பதுதான். அதன் தீமையும் அதுவே. மண்புழு முள்ளிலிருந்து நழுவினால் மீன் தின்னும், இல்லாவிட்டால் மக்கிப் போகும். பிளாஸ்டிக் புழு அறுந்து விழுந்தால் ஏரியின் அடியிலேயே கிடக்கும். மீன் விழுங்கினால் வயிற்றில் தங்கும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 2013-ல் இத்தகைய இரைகளைத் தடை செய்ய மசோதாவே வந்தது. தடை நிறைவேறவில்லை, ஆனால் கேள்வி எழுந்துவிட்டது. பிளாஸ்டிசைசராகப் பயன்பட்ட தாலேட் வகைகள் சிலவற்றைக் குழந்தைகள் பொம்மைகளில் அமெரிக்கா 2008-ல் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியது. வெளிநாடுகளில் ஜெலட்டினும் கிளிசரினும் கலந்து, தண்ணீரில் கரையும் இரைகளை வீட்டில் செய்து பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

டெக்சாஸ் நீர்த்தேக்கம் பெரியது. ஒடுகத்தூர் பக்கத்து ஏரிகள் கோடையில் வற்றுபவை. அங்கே அறுந்து விழுந்த புழு தண்ணீர் வற்றியதும் சேற்றில் கிடக்கும். ஏரிக்குள் மேயும் ஆடும் மாடும் வாய் வைக்கும். ஆட்டை நம்பிப் பிழைக்கும் ஊர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நிக் க்ரீம் ஒரு நல்ல தந்திரம் கண்டுபிடித்தார். அதைக் கற்றுக்கொள்வதில் தவறில்லை. கிழிந்த புழுவைத் தண்ணீரில் வீசாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி உருக்குவதும் அந்தக் கலையில் சேர்ந்ததுதான். அதுவும் முடியாதென்றால், ஏரிக்கரை ஈர மண்ணில் பழைய இரை இன்னும் இலவசமாகவே கிடைக்கிறது.