பெற்றோர் கல்வியில் பண்பாட்டுச் சார்பு

குழந்தை வளர்ப்பைக் கற்பிக்கும் திட்டங்கள் ஒரு சமூகத்தின் வழக்கத்தையே எல்லோருக்கும் அளவுகோலாக்கும் போக்கே பண்பாட்டுச் சார்பு. இந்தியாவில் ஆங்கிலேயர் ஆட்சியில் சிசு மரணத்துக்குத் தாய்மாரின் அறியாமையும் மருத்துவச்சியின் கைமுறையும் பெரிதும் பழிக்கப்பட்டன. வறுமை பின்னுக்குத் தள்ளப்பட்டது. 1960களில் உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் பெரும்பாலும் அமெரிக்க வெள்ளையின நடுத்தரக் குடும்பங்களை ஆராய்ந்து வகுத்த வளர்ப்புமுறைப் பிரிவுகள் பின்னர் உலகெங்கும் பரவின. சீன வம்சாவளித் தாய்மாரின் வளர்ப்பை அவை சரிவர விளக்கவில்லை என்று ஆய்வாளர் ரூத் சாவோ 1994இல் காட்டினார்.

இதே போக்குக்குத் தமிழ்நாட்டில் ஓர் எடுத்துக்காட்டு சிவகாசி: மழையை நம்பிய வானம் பார்த்த பூமி, பிழைப்புக்குத் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்கள். இங்கே பிள்ளைகள் வேலைக்குப் போனதற்குப் பெற்றோரின் பொறுப்பின்மையே காரணம் என்ற பேச்சு நெடுங்காலம் நிலவியது. இதுபற்றி வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 10.12.1996 அன்று வறுமையே அடிப்படைக் காரணம் என்றது. சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி ரூ.20,000 செலுத்த வேண்டும்; குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கு ஒரு வேலையை அரசு தேடித் தர வேண்டும், இயலாவிடில் அரசே ரூ.5,000 செலுத்த வேண்டும் என ஆணையிட்டது.

மதிப்பீடு: குழந்தைத் தொழிலுக்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால் கூலி, வேலைநேரம், பாட்டிமாரின் பராமரிப்பு ஆகியவற்றைக் கணக்கில் கொள்ளாத பெற்றோர் கல்வி, ஏழைத் தாயைக் குற்றவாளியாக்குவதோடு நின்றுவிடும்.