கல்லாய் நிற்கும் காடு

சிற்பியின் உளி தொடாத பதினொரு சிற்பங்கள் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலே உள்ளன. 1887 இல் விக்டோரியா பூங்காவை அமைக்கையில், பழைய கற்குழியொன்றில் இவை வெளிப்பட்டன. ஏறக்குறைய 33 கோடி ஆண்டுகளுக்கு முன், அந்நிலம் பூமத்திய ரேகையை அண்மித்த சதுப்பாயிருந்த காலத்து 'லெப்பிடோடென்ட்ரன்' மரங்களின் அடிகள் இவை. மண் மூடிய மரங்களின் உட்பகுதி உக்கிற்று. பட்டையே அச்சாக, உள்ளே புகுந்த மணல் கல்லாயிற்று. நகரமக்கள் காணும்படி, இயற்கை வார்த்த இச்சிற்பங்களுக்கு மண்டபமும் எழுப்பினர்.

இத்தகைய காடுகளே நிலக்கரியாயின. அக்கரியை எரித்தே கிளாஸ்கோ கப்பல் கட்டிச் செழித்தது. மரங்கள் யுகயுகமாக மண்ணில் ஒடுக்கிய கரியை, சில நூற்றாண்டுகளிலே மனிதர் வாயுவாக வானில் விடுத்தனர். புவியின் வெம்மையை அடக்க வழிதேடி உலக நாடுகள் 2021 இல் கூடியதும் அந்நகரிலேதான். வருங்கால நகரங்கள் எவ்வளவு வெம்மையைத் தாங்கவேண்டும் என்பதை அக்கற்கள் தீர்மானிக்கமாட்டா, நாமே தீர்மானிக்கின்றோம்.