நாகூர் எனும் பெயர்: ஒரு வரலாற்றுப் பார்வை

'சாரம்' என்றதும் கொத்தனாருக்குக் கட்டடத்தைச் சுற்றிக் கட்டும் சாரம் நினைவுக்கு வரும். இலங்கைச் சகோதரருக்கு இடுப்பில் உடுத்தும் கைலி நினைவுக்கு வரும். நமக்கோ புதுச்சேரியில் நாம் வாழும் பகுதியே நினைவுக்கு வரும். சொல் ஒன்று, பொருள் வேறு. வரலாற்றிலும் ஒரே பெயர் பல ஊர்களையும் பெரியோர்களையும் நிறுவனங்களையும் குறிப்பதுண்டு. பிரித்தறியாவிடில் ஒருவரது வரலாறு மற்றவர்மீது ஏறிவிடும். இதற்கு 'நாகூர்' எனும் பெயரைச் சான்றாகக் கொள்வோம்.

நமது ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலுக்குத் தெற்கே, நாகப்பட்டினம் மாவட்டத்தில் அமைந்துள்ளது நாகூர். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாஹுல் ஹமீது வலி (ரஹ்) அவர்கள் அங்கு அடக்கமாகியுள்ளார்கள். அத்தர்காவின் ஐந்து மினாராக்களுள் மிக உயர்ந்ததைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் (ஆட்சி 1739–1763).

இராஜஸ்தானத்திலும் நாகௌர் என்றோர் ஊர் உண்டு. பாரசீக எழுத்தில் எழுதினால் இவ்விரு பெயர்களும் ஒன்றே. அஜ்மீர் குவாஜா முயீனுத்தீன் சிஷ்தி (ரஹ்) அவர்களின் சீடரான சூஃபி ஹமீதுத்தீன் நாகோரி (ரஹ்) 13ஆம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்து அங்கேயே அடக்கமானார்கள். அதே நூற்றாண்டைச் சேர்ந்த காஜி ஹமீதுத்தீன் நாகோரி (ரஹ்) என்ற மற்றொரு பெரியாரோ டில்லி மெஹ்ரோலியில் அடக்கமாகியுள்ளார்கள். பெயரை மட்டும் நோக்கினால் மூவரையும் ஒருவராக எண்ணிவிட இடமுண்டு. காலமும் அடக்கத்தலமுமே அவர்களைப் பிரித்துக் காட்டுகின்றன.

சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய வணிகரும் மாலுமிகளும் நாகூரின் பெயரைக் கடல் கடந்தும் கொண்டு சென்றனர். சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1828–1830 ஆண்டுகளில் நாகூர் தர்கா எழுந்தது. 1974இல் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அது, 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக விளங்குகிறது. பினாங்கின் சூலியா தெருவிலும், இலங்கையின் கல்முனைக் கடற்கரையிலும் இவ்வாறே நினைவிடங்கள் உள்ளன. அடக்கத்தலம் நாகூரில் மட்டுமே. ஏனையவை நினைவுச் சின்னங்கள். இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

மனிதர் பெயரிலும் இதே நிலைதான். பாடகர் நாகூர் ஹனீபா (1925–2015) பிறந்தது இராமநாதபுரத்தில். பெயரின் முன் நிற்கும் ஊர் பிறந்த ஊராகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

இது பழங்கதை மட்டுமன்று. நம் சமுதாயத்தில் ஷாஹுல் ஹமீதுகளும் அப்துல் காதர்களும் தெருவுக்குத் தெரு உள்ளனர். மஹல்லாப் பதிவேட்டில் வெறும் பெயர் மட்டும் இருந்தால், நாளை நிக்காஹ் சான்றும் வாரிசுரிமையும் சிக்கலாகும். உரியவர் தம் உரிமையை இழக்கவும் நேரும். பெயருடன் தந்தையின் பெயரையும் ஊரையும் சேர்த்துரைத்த முன்னோர் வழக்கம் அறிவுடையது. ஆகவே, தந்தை பெயர், பூர்வீக ஊர், பிறந்த ஆண்டு ஆகியவற்றைத் தவறாது பதிவு செய்யுமாறு ஜமாஅத்தார் அனைவரையும் அன்புடன் வேண்டுகிறோம்.