மும்பை டு கட்ச் ரோட் ட்ரிப்: எப்போ போகணும், என்ன பார்க்கணும்?

மாட்டுங்காவில் வளர்ந்தவர்களுக்கு கட்ச் என்ற பெயர் புதுசு இல்லை. பக்கத்து ஃபிளாட்டில் ஒரு கட்ச்சி குடும்பம் இருந்திருக்கும். தெருமுனையில் நீங்கள் சாப்பிட்ட தாபேலியும் கட்ச்சின் மாண்ட்வி ஊர்ப் பண்டம்தான். ஆனால் அங்கே டிரிப் போடும்போது ராஜஸ்தான் மணல்மேடுகளை மனதில் வைத்துக்கொண்டு தீபாவளி லீவில் கிளம்பினால், வெள்ளைப் பாலைவனத்துக்குப் பதிலாகச் சேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கலாம்.

ஏன் சேறு?

'ரண்' மணல் பாலைவனம் இல்லை. ஒரு காலத்தில் அரபிக்கடலின் ஆழமில்லாத பகுதியாக இருந்த நிலம் அது. மழைக்காலத்தில் கடல்நீரும் ஆற்றுநீரும் புகுந்து தேங்கும். மழை நின்றபின் மெல்ல வற்றி, உப்பு படியும். தூத்துக்குடி உப்பளத்தைப் பார்த்திருந்தால் இது சட்டென்று புரியும். அதனால் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரைதான் சரியான நேரம்.

எவ்வளவு தூரம்?

மும்பையிலிருந்து சூரத், வதோதரா, அகமதாபாத் வழியாக புஜ் சுமார் 850 கி.மீ. ஒரே மூச்சில் ஓட்டாதீங்க, அகமதாபாத்தில் ஒரு இரவு தங்குங்கள். இல்லையென்றால் பாந்த்ரா டெர்மினஸில் கட்ச் எக்ஸ்பிரஸ் ஏறி, புஜ்ஜில் வாடகைக் கார் எடுக்கலாம். கட்ச் மாவட்டத்தின் பரப்பு 45,674 சதுர கி.மீ., அதாவது தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். உள்ளே சுற்ற மட்டும் நான்கு நாள் ஒதுக்குங்கள்.

என்ன பார்க்கலாம்?

*லிட்டில் ரண்:* புஜ் போகும் வழியிலேயே வரும். இங்குள்ள சரணாலயம் காட்டுக்கழுதைகளுக்கானது. 2020 கணக்கெடுப்பில் 6,082 ஆக இருந்த எண்ணிக்கை, 2024-ல் 7,672 ஆனது.

*கடகரேகை போர்டு:* புஜ்ஜிலிருந்து தோர்டோ போகும் சாலையைக் கடகரேகை குறுக்கே வெட்டுகிறது. அந்த இடத்தில் ஒரு போர்டு இருக்கும். ஸ்கூல் புவியியல் பாடத்தோடு ஒரு செல்ஃபி!

*தோர்டோ:* வெள்ளை ரண்ணின் வாசல். ஐ.நா. சுற்றுலா அமைப்பு 2023-ல் தேர்ந்தெடுத்த சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் இதுவும் ஒன்று.

*காலோ டுங்கர்:* கட்ச்சின் மிக உயரமான இடம், சுமார் 460 மீட்டர். தத்தாத்ரேயர் கோயிலில் நரிகளுக்குப் பிரசாதம் வைப்பது வழக்கம். இந்த மலைச்சாலையில் வண்டி தானாக வேகம் எடுப்பதைப் பார்த்து 'காந்த மலை' என்பார்கள். காந்தம் எதுவும் இல்லை. இறக்கத்தின் சாய்வு கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான். பிரேக்கில் கால் இருக்கட்டும்.

*தோலாவிரா:* காவ்டாவிலிருந்து போகும் சாலை சுமார் 30 கி.மீ. தூரம் உப்புவெளிக்கு நடுவே ஓடும். முடிவில் 2021-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான ஹரப்பா நகரம். இங்கே மழைநீர்த் தொட்டிகளைத் தவறவிடாதீர்கள். சுற்றிலும் உப்பாக இருக்கும் இடத்தில், 4,000 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நகரம் மழைநீரைச் சேமித்து வாழ்ந்திருக்கிறது.

*லக்பத்:* சுமார் 7 கி.மீ. மதிலுக்குள் கிட்டத்தட்ட காலியான ஊர். சிந்து நதியின் கிளை ஓடியவரை செழிப்பான துறைமுகம். 1819 நிலநடுக்கம் நதியைத் திசைதிருப்ப, வணிகம் போனது, மக்களும் போனார்கள்.

கிளம்பும் முன்

வெள்ளை ரண்ணுக்கு அனுமதிச் சீட்டு தேவை. அடையாள அட்டை ஒரிஜினலை எடுத்துக்கோங்க. டேங்கை புஜ்ஜிலேயே நிரப்புங்கள், தண்ணீர் கூடுதலாக வையுங்கள். எல்லைப் பகுதி என்பதால் ட்ரோன் வேண்டாம். குஜராத்தில் மதுவிலக்கு அமலில் இருக்கிறது, மறக்காதீங்க.

முக்கியமான ஒன்று: கெட்டியாகத் தெரியும் உப்புக்கு அடியில் கருப்புச் சேறு இருக்கும். ஒரு போட்டோவுக்காகக் காரைச் சாலையை விட்டு இறக்கினால் சக்கரம் புதைந்துவிடும், உதவி வர வெகு நேரமாகலாம். வண்டியைச் சாலையில் நிறுத்திவிட்டு, மற்றவர்கள் நடக்கும் தடத்திலேயே நடங்கள்.