எழுபது மார்க்கு

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், எண்ணெய்க் கிணறுகளை நம்பிப் பிழைக்கும் ஒடெஸ்ஸா போன்ற ஊர்களில், இலையுதிர் காலத்து வெள்ளிக்கிழமை இரவென்றால், வியாபாரியும் கூலிக்காரரும் பாட்டிமாரும் ஒருங்கே திரண்டு, பள்ளிப் பிள்ளைகள் தலைக்கவசமும் தோட்கவசமும் பூண்டு மோதியாடும் கால்பந்தைக் காணச் செல்வது நெடுநாளைய வழக்கம். பள்ளி ஆட்டங்களுக்காக ஒடெஸ்ஸா 1982-ல் எழுப்பிய அரங்கில் பல்லாயிரம் பேர் அமரலாம்.

அந்த உற்சாகத்தைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. எனினும், பையன் பாடத்தில் தேறாவிட்டாலும் வெள்ளிக்கிழமை ஓடினால் போதும் என்று பெரியவர்கள் எண்ணத் தலைப்பட்டது பெரும் அநியாயம். ஆட்டம் ஓய்ந்தபின் அவன் கையில் மிஞ்சுவது என்ன என்று அவர்கள் யோசிக்கவில்லை.

இந்நிலையில் 1983-ல் கவர்னர் மார்க் வைட் அமைத்த கல்விக் குழுவின் தலைவரான தொழிலதிபர் ராஸ் பெரோ, எவர் மனம் புண்படுமோ என்று தயங்காமல் மாநிலமெங்கும் இதை எடுத்துரைத்ததன் பயனாக, மறு ஆண்டு சட்டசபை நிறைவேற்றிய 72-ஆம் எண் மசோதாவில், ஆறு வாரப் பருவத்தில் ஒரு பாடத்திலேனும் 70 மார்க்குக்குக் குறைவாகப் பெற்ற மாணவன் அடுத்த ஆறு வாரம் ஆட்டத்திலோ வாத்திய கோஷ்டியிலோ பங்குகொள்ளலாகாது என்ற விதி இடம்பெற்றது. ‘தேறாவிடில் ஆட்டமில்லை’ என்ற அந்த விதியை எதிர்த்துப் பெற்றோர் வழக்காடினர். மாநில சுப்ரீம் கோர்ட் 1985-ல் அதை நிலைநிறுத்தியது. 1986 தேர்தலில் வைட் தோற்றதற்கு இதனால் மூண்ட ஆத்திரமும் ஒரு காரணம்.

விதியின் நோக்கம் உத்தமமானது. ஆனால் 1988-ல் டல்லாஸ் நகரின் கார்ட்டர் உயர்நிலைப்பள்ளியில் நிகழ்ந்ததை நினைக்கையில் மனம் சங்கடப்படுகிறது. ஆட்டக்காரன் ஒருவன் பீஜகணிதத்தில் தேறவில்லை என்றார் ஆசிரியர். வேறு முறையில் கணக்கிட்டால் தேறிவிட்டான் என்றது பள்ளி. கல்வி இலாகா, கோர்ட், தடையுத்தரவு என்று விவகாரம் வளர, கறுப்பின மக்கள் நிறைந்த அப்பகுதியினர் தங்கள் பிள்ளைகளையே குறிவைப்பதாக வெதும்ப, அதற்கிடையே அப்பள்ளி அரையிறுதியில் ஒடெஸ்ஸாவின் பெர்மியன் பள்ளியை 14–9 என வென்று மாநிலப் பட்டத்தையும் கைப்பற்றியது. பின்னர் அந்த ஒரு மார்க்கின் பொருட்டே பட்டம் பறிக்கப்பட்டு, இறுதியாட்டத்தில் தோற்ற கான்வர்ஸ் ஜட்சன் பள்ளியைச் சேர்ந்தது. இத்தனை வாதத்திலும் பையனுக்குப் பீஜகணிதம் விளங்கிற்றா என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று என்பதே என் துக்கம்.

1995-ல் விதியைத் தளர்த்தினர். தடை மூன்று வாரமாயிற்று. அதற்குள் மார்க்கு உயர்ந்தால் திரும்பலாம். தேறாத மாணவன் பயிற்சிக்கு வரவும் அனுமதி கிடைத்தது. இதையே நான் பெரிதும் போற்றுகிறேன். வகுப்பறையில் தலைகுனிந்து நிற்கும் பையனை, பள்ளியில் அவனை ‘வா’ என்றழைக்கும் ஒரே இடமான மைதானத்திலிருந்தும் துரத்துவது, அவனைப் பள்ளியை விட்டே துரத்துவதில் போய் முடியும்.